கோயிலுக்கு இரண்டாவது கதவு

போன மாதக் கிளைக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “அண்ணே, இப்போ எல்லார் கையிலயும் ஹேண்ட்போன் இருக்கு. பாட்டிகூட டிக்டாக் பாக்குது. நாம இன்னும் எதுக்குக் கணினி மையம், ஃபாரம் நிரப்புற மேசைன்னு சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார்ந்துகிட்டு இருக்கணும்? நாம செஞ்சு கொடுக்கக் கொடுக்க அவங்க கத்துக்கவே மாட்டாங்க. இது சேவையா, இல்ல சோம்பேறித்தனத்துக்குத் தீனியா?”

சிலர் சிரித்தார்கள். ஒருவர் “நல்லாக் கேட்டான் தம்பி” என்று தொடையைத் தட்டினார். கேள்வி நல்ல கேள்விதான். தெரிந்தவன் தெரியாதவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான், எதுவரை கடன்பட்டிருக்கிறான் என்று கேட்கும் பழைய கேள்வி அது. இப்போது ஸ்மார்ட்போனைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்திருக்கிறது. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், “எல்லார் கையிலயும் ஹேண்ட்போன் இருக்கு” என்பதைப் பார்ப்போம்.

கோத்தா கோலா மூடாவில் எங்கள் மேசைக்கு வந்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள், இப்போது மகனோடு மலிவு விலை வீட்டில் இருக்கிறார். கையில் போன் இருக்கிறது, பேரன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. சிம் மகன் பெயரில். டாப்-அப் போட மறந்து இரண்டு முறை நம்பர் செத்துப்போய், இது மூன்றாவது நம்பர். ஓர் உதவித் திட்டத்தில் அவர் பெயர் பதிவாகியிருப்பது முதல் நம்பரில். நம்பரை மாற்ற வேண்டும் என்றால் ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைப் போட வேண்டும். அந்த ஆறு இலக்கம் வருவது எந்த நம்பருக்கு? செத்துப்போன முதல் நம்பருக்கு. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியதுபோல.

சரி, நேரில் போகலாம் என்று முகப்புக்குப் போனார். ஐசியைச் செருகிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் படிக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். படிக்கவில்லை. வருடக்கணக்காக உளி பிடித்து, பாலிலும் ஆசிட்டிலும் ஊறிய கை அது. ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. “என் கை என்னையே யாருன்னு சொல்ல மாட்டேங்குது தம்பி” என்றார் பாட்டி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்தப் பாட்டியும் டிக்டாக் பார்ப்பார். ஆக, கையில் போன் இருப்பது வேறு, அந்தப் போன் வழியாக நாட்டோடு பேச முடிவது வேறு. நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம், இடையில் இருக்கும் இருபது படிகளை நாம் எப்போதோ ஏறிவிட்டோம். ஏறியவனுக்குப் படி கண்ணில் படாது.

இது நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. தோட்டத்துக் காலத்தில் படி என்றால் அது கிராணியின் ஆபீஸ் படி. செக்ரோல் அவரிடம், கடிதம் அவரிடம், துரையிடம் பேசும் ஆங்கிலம் அவரிடம். தொழிலாளி ஜன்னலுக்கு வெளியே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கிராணிகளில் தங்கமானவர்களும் இருந்தார்கள், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், பத்திரிகை வாசித்துக் காட்டினார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் நல்லவராக இருந்தால்தான் எனக்கு விவரம் கிடைக்கும் என்ற நிலைமையை நினைத்துப் பாருங்கள். அது சரியான நிலைமை இல்லை.

விவரம் தெரியாததற்கு நாம் கொடுத்த விலையும் கொஞ்சம் இல்லை. 1957இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. ஆனால் தோட்டத்துக்குள் இருந்த பலர் விண்ணப்பிக்கவே இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லை, மொழிச் சோதனை என்றால் பயம், யாரைக் கேட்பது என்றே தெரியாது. பிறகு 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் இல்லையென்றால் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். 1969க்குப் பிறகு அதை இறுக்கினார்கள். பெர்மிட் இல்லாமல் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள், இங்கேயே பிறந்தவர்களும் சேர்த்து, இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சிவப்பு ஐசியோடு தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஒரு ஃபாரம், அதை நேரத்தோடு நிரப்பச் சொல்லி ஒரு ஆள், இது இரண்டும் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பம் உடையாமல் இருந்திருக்கும். முழுக் காரணமும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, அரசியல் இருந்தது, சட்டமே கடுமையாக இருந்தது. ஆனால் ஃபாரம் தெரியாமல் போனவர்களும் இருந்தார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல மாட்டோம், இல்லையா?

இனி மையங்களின் கதைக்கு வருவோம்.

நாட்டில் இணைய மையம் என்பது நேற்று முளைத்தது இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே கிராமத்துத் தபால் நிலையங்களில் சில கணினிகளை வைத்து ‘புசாட் இன்டர்நெட் டேசா’ என்று ஆரம்பித்தார்கள். பிறகு ‘சமூக அகண்ட அலைவரிசை மையம்’, அதற்குப் பிறகு ‘புசாட் இன்டர்நெட் 1மலேசியா’, அப்புறம் ‘பெடி’, இப்போது ‘நாடி’. போர்டு மாறிக்கொண்டே இருக்கிறது, பெரும்பாலும் உள்ளே அதே மேசை, அதே நாற்காலி. ‘நாடி’ என்ற பெயர் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. மலாயிலும் நாடி என்றால் நாடித்துடிப்புதான். தமிழில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: நாடி வருவது.

ஆனால் நம் ஆட்கள் நாடி வருகிறார்களா?

பெரிதாக இல்லை. இதற்கு மையத்தை நடத்துபவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. நான் பார்த்த மேலாளர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள், பொறுமைசாலிகள். சிக்கல் வேறு. மையம் திறந்திருக்கும் நேரத்தில் நம் அக்காமார்கள் தொழிற்சாலையில் நிற்கிறார்கள். பஸ் இல்லை, கிராப் பிடித்தால் பன்னிரண்டு வெள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூச்சம். “அங்க எல்லாம் படிச்ச பிள்ளைங்க இருக்கும், நான் போயி மவுஸைப் பிடிக்கத் தெரியாம நின்னா சிரிப்பாங்க.” இதை ஓர் அம்மா என்னிடம் சொன்னபோது, “யாரும் சிரிக்க மாட்டாங்க” என்று வாய்வரை வந்தது. ஆனால் வாழ்க்கையில் பலமுறை யார் யாரோ சிரித்ததால் வந்த கூச்சம் அது. என் ஒரு வார்த்தையில் போய்விடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மையங்கள் யாரும் நமக்குப் போட்ட பிச்சை இல்லை. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ், ஓர் அளவுக்கு மேல் வருமானம் உள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிட்ட வருமானத்தில் 6 விழுக்காட்டை ஒரு பொது நிதியில் கட்ட வேண்டும். லாபம் வராத இடத்துக்கும் சேவை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வைத்த நிதி அது. மையங்களும் கிராமப்புறக் கோபுரங்களும் அதிலிருந்து வருகின்றன. நிறுவனத்துக்கு அந்த வருமானம் எங்கிருந்து வந்தது? பாட்டி போட்ட பத்து வெள்ளி டாப்-அப்பும் அதில் இருக்கிறது. ஆகவே அந்த மையத்து நாற்காலியில் பாட்டி உட்கார்ந்தால், தன் காசில் வாங்கிய நாற்காலியில்தான் உட்காருகிறார்.

நம் இயக்கத்தில் ‘வித்யா தானம்’ என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். கல்விக் கருத்தரங்கு பேனரில்கூட அதுதான் இருந்தது. எனக்கு அந்தச் சொல்லில் ஒரு நெருடல் உண்டு. தானம் என்றால் கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. கொடுப்பவனுக்குப் புண்ணியம், போட்டோ, பேஸ்புக்கில் லைக். வாங்குகிறவருக்கு அந்தப் பொருள், கூடவே கொஞ்சம் தலைகுனிவு. நம் மரபிலேயே இதைவிடப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது. மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்பார்கள்: தேவ கடன், பித்ரு கடன், ரிஷி கடன். ரிஷி கடன் என்பது நமக்கு முன்னால் அறிந்தவர்களிடம் பட்ட கடன். அவர்கள் போய்விட்டார்கள், அவர்களிடம் திருப்பிக் கட்ட முடியாது. கற்றுக்கொள்வதும், கற்றதை அடுத்தவருக்குக் கொண்டு சேர்ப்பதும்தான் அதைக் கட்டும் வழி.

கடனைக் கட்டுகிறவன் “நான் உனக்கு உதவி செய்தேன்” என்று சொல்ல முடியாது. வங்கியில் மாதத் தவணை கட்டிவிட்டு மேனேஜரிடம் மாலை எதிர்பார்ப்போமா? மேசையில் உட்காரும் நம் பிள்ளைகள் இந்த எண்ணத்தோடு உட்கார்ந்தால் அவர்கள் குரலே மாறிவிடும். நான் பார்த்திருக்கிறேன். “ஐயோ ஆண்டி, இதுகூடத் தெரியாதா” என்று ஆரம்பிக்கிற பிள்ளையும், “உட்காருங்க ஆண்டி, ஐசி கொண்டு வந்தீங்களா” என்று ஆரம்பிக்கிற பிள்ளையும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆண்டி திரும்பி வருவது இரண்டாவது பிள்ளையிடம்தான்.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டும். புதுச்சேரிப் பக்கம் எம்பலம் என்று ஒரு கிராமம். 1998 வாக்கில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம், அங்கிருந்து கிராமங்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு. ஊர்தான் இடம் கொடுக்க வேண்டும், அந்த இடத்துக்குள் எல்லாச் சாதியினரும் வர வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. எம்பலம் ஊர்க்காரர்கள் தங்கள் கோயில் கட்டடத்திலேயே இடம் கொடுத்தார்கள். ஒரு கதவு வழிபாட்டுக்கு. அந்தக் கதவுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் மாதவிலக்கான பெண்களும் போக முடியாது, அந்த ஊர் வழக்கம் அப்படி இருந்தது. இன்னொரு கதவு கணினி இருக்கும் அறைக்கு. அதில் யார் வேண்டுமானாலும் போகலாம். அங்கே வேலை செய்தவர்களும் அந்த ஊர்ப் பெண்கள்தான். நெல் விலை, அரசு உதவி, ஆஸ்பத்திரி விவரம் என்று ஊருக்குத் தேவையானதைத் தமிழில் எடுத்துக் கொடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு எண்ணம் வந்தது. ஒன்று, வருத்தம். ஒரே கூரை, ஒரே ஊர் மக்கள், ஒரு கதவு திறக்கிறது, ஒரு கதவு மூடுகிறது. முதல் கதவு ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். அதை யாராவது எழுத வேண்டும், எழுதினால் ஆசிரியர் போடவும் வேண்டும். இரண்டாவது எண்ணம், ஒரு பொறாமை. அந்த ஊர்க்காரர்களுக்கு இடம் எங்கே என்ற குழப்பம் இல்லை. ஊர் நடுவில் என்ன இருக்கிறது? கோயில். எல்லாருக்கும் வழி தெரிந்த இடம் எது? கோயில். அங்கேயே வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் தோட்டம் கலைந்தால் லயம் போகும், பள்ளிக்கூடம் இடம் மாறும், கடை போகும். கோயில் மட்டும் கடைசிவரை நிற்கும். சுங்கை பட்டாணிக்கும் தீக்காம் பத்துவுக்கும் பிரிந்துபோன குடும்பங்கள் வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு அங்கேதான் திரும்பி வருகின்றன. அந்தக் கோயிலுக்கு மண்டபம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கூட்டிப் பெருக்கி வைத்த இடம் இருக்கிறது, அம்மாவுக்கு அங்கே போகக் கூச்சம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை தவிர மற்ற நாள் பூட்டித்தான் கிடக்கிறது.

அந்தப் புதுச்சேரிக் கரையில் இன்னொரு ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது நடந்த தேதி 26 டிசம்பர் 2004.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. சுமத்ராவில் நிலம் ஆடியது மலேசிய நேரம் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு. நம் கோத்தா கோலா மூடா கரைக்கு அலை வந்தது நண்பகல் தாண்டித்தான். இடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அதற்குள் ஃபுக்கெட்டில் கடல் ஏறி அடித்துவிட்டது. அந்தச் செய்தி உலகத்தில் இருந்தது, இந்தக் கரையில் இருந்தவர்களுக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில் ஆட்கள். நாடு முழுக்க 68 உயிர் போனது. உடைந்த படகுகளையும் வீடுகளையும் இன்றைக்கும் நம் ஊர் சுனாமி காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டி வந்து காட்டுகிறார்கள்.

அதே நாள், அதே அலை, புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். அங்கேயும் அதே நிறுவனத்தின் தகவல் மையம் ஒன்று இருந்தது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். செய்தியில் சுனாமி என்று கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது என்று பதில் வந்தது. உடனே எல்லாரையும் வெளியேறச் சொன்னார். ஊர்க்காரர்கள் பூட்டிக் கிடந்த மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,600க்கும் மேற்பட்டவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, ஊர் ஜனங்கள் பிழைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் “பார்த்தீங்களா, டெக்னாலஜி!” என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உயிரைக் காப்பாற்றியது இன்டர்நெட்டா? ஒரு சாதாரண போன் கால், ஒரு ஸ்பீக்கர். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அதே கூம்பு ஸ்பீக்கர். ஆனால் எந்தக் கதவை உடைக்க வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் செய்தி கிடைக்கும், அங்கிருந்துதான் ஊருக்குச் சொல்வார்கள் என்ற பழக்கம் முன்பே இருந்தது. பக்கத்து வீராம்பட்டினத்தில் இருந்த மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஸ்பீக்கரில் தமிழில் வாசிப்பார்கள். மீனவர் ஒருவரும் கணினியைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. தொடத் தெரிந்த ஒரு பெண், தெரியாத ஊர் முழுக்கவும் கேட்கும்படி சொன்னார். அதனால் “எல்லாரும் தாங்களே கத்துக்கணும்” என்று நாம் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும் என்கிறேன். ஒருவர் தெரிந்துகொண்டு நூறு பேருக்குச் சொல்வதும் ஓர் ஊர் தெரிந்துகொள்ளும் முறைதான்.

நமக்குப் பின்னாளில் அரசாங்கம் சுனாமி எச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்தியது, கரையோரங்களில் சைரன் வைத்தார்கள். நல்லது. ஆனால் சைரன் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். பேத்திக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று எந்தச் சைரனும் ஊதாது.

சரி, தம்பியின் கேள்விக்கு நேராக வருகிறேன். செஞ்சு கொடுக்கிறதா, கத்துக் கொடுக்கிறதா?

மீன் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்று மேடையில் பேசுவார்கள். மீனவர் ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், பசியோடு வந்தவருக்கு முதலில் மீனைக் கொடுங்கள். 2024 ஜனவரி 2இல் ‘பாடு’ பதிவு தொடங்கி மார்ச் 31இல் முடிந்தது. அந்த மூன்று மாதத்தில் எழுபது வயதுக்காரரிடம் “வாங்க, முதல்ல ஈமெயில்னா என்னன்னு பார்ப்போம்” என்று பாடம் எடுத்திருந்தால் தேதி முடிந்துபோயிருக்கும். கெடு இருக்கும் வேலையைச் செய்து கொடுக்க வேண்டும், அதில் தப்பே இல்லை. கெடு இல்லாத வேலையில் கற்றுக்கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் மகளுக்குக் குரல் செய்தி அனுப்புவது, தண்ணீர் பில் பார்ப்பது, பாடல் கேட்பது. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டுத்தான் எங்கள் மேசையில் ஓர் ஆண்டி எழுத்துத் தட்டவே கற்றுக்கொண்டார். டி.எம்.எஸ். பாடலைத் தேடித் தேடி விரல் பழகிவிட்டது. இன்றைக்கு அவர் வீட்டுத் தெருவில் இன்னும் மூன்று பேருக்கு அவர்தான் டீச்சர்.

கற்றுக்கொள்ளவே விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். “எனக்கு வேணாம் தம்பி, இந்த வயசுல” என்பவரை என்ன செய்வது? அவருக்கு அந்த உரிமை உண்டு என்பது என் கட்சி. உளியும் வாளியும் பிடித்து இந்த நாட்டுக்கு உழைத்துக் கொடுத்துவிட்டார், ஆப் டவுன்லோட் பண்ணத் தெரிந்தால்தான் குடிமகன் என்று யாரும் அவரிடம் சொல்ல முடியாது. அரசாங்கம் மனம் வைத்தால் இதற்கும் வழி இருக்கிறது. ‘சாரா’ உதவியைப் பாருங்கள், பணம் நேராக மைகார்டில் வருகிறது, கடையில் ஐசியைக் கொடுத்து அரிசி வாங்கலாம். ஆப் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். எல்லாத் திட்டத்திலும் இப்படி ஒரு கதவு இருக்க வேண்டும், முகப்பில் மனிதர்கள் இருக்க வேண்டும் என்று நம்மைப் போன்ற அமைப்புகள் கேட்க வேண்டும். மேசை போட்டு உட்கார்வதோடு நம் வேலை முடியவில்லை.

செய்து கொடுக்கும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று தம்பி சொன்னதைவிட இதுதான் எனக்குப் பயம். பாட்டியின் ஐசி நம்பர், வங்கிக் கணக்கு, மகன் சம்பளம், மருமகள் விட்டுப் போனது, எல்லாம் அந்த ஃபாரத்தில் வந்துவிடும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு தெருவின் கதை முழுக்கத் தெரிந்துவிடும். பழைய கிராணி இடத்தில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இதற்குப் பாடம் படிக்க நாம் வெளியூர் போக வேண்டாம். நம் ஊர் பாசார் பீசிக்கைப் பாருங்கள். படகு கரைக்கு வந்ததும் மீனைக் குவிப்பார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து விற்பவர் காதில் தங்கள் விலையைக் கிசுகிசுப்பார்கள். யார் அதிகம் சொன்னாரோ அவருக்கு மீன். பக்கத்தில் நிற்பவருக்கு மற்றவர் சொன்ன விலை தெரியாது. தோற்றவர் எவ்வளவு சொன்னார் என்று வெளியே போய்ச் சொன்னால் அடுத்த நாள் அவரிடம் யார் வாய் திறப்பார்கள்? கேட்டதைக் காதோடு வைத்துக்கொள்வதில்தான் அந்தச் சந்தை ஓடுகிறது. சுற்றுலாக்காரர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

எங்கள் மேசையில் இப்போது சில வழக்கங்கள் உண்டு. பாஸ்வேர்டை அவர்களே தட்ட வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். எழுதி வைக்க வேண்டும் என்றால் அவர்கள் வீட்டில் அவர்களிடமே இருக்கும் நோட்டில் எழுதுவோம், நம் போனில் ஒன்றும் இருக்காது. ஐசியைப் போட்டோ எடுத்தால் வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னால் அழிப்போம். வங்கி ஆப்பைத் தொடவே மாட்டோம், அதற்குச் சொந்தப் பிள்ளையைக் கூட்டி வரச் சொல்வோம். மேசையில் 997 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம், பண மோசடி நடந்தால் உடனே கூப்பிட வேண்டிய நம்பர். “போலீஸ்லேர்ந்து பேசுறோம், உங்க பேர்ல கேஸ் இருக்கு” என்று வரும் போனுக்கு நம் பெரியவர்கள் படும் பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தப் போன் வந்ததும் யாரிடம் ஓடி வந்து “தம்பி, இது நெசமா?” என்று கேட்கலாம் என்று ஓர் ஆள் இருந்தால் போதும், பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும். எந்த ஆப்பும் அந்த வேலையைச் செய்யாது.

நம் வட்டாரத்து இளைஞர்கள் இதற்கு முன்பும் இப்படிக் கேள்வியைச் சந்தித்தவர்கள்தான். 1946, 47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைக்கு எதிராக நின்றார்கள். குடிக்கிறவன் தானாகத் திருந்தட்டும், நமக்கென்ன என்று அவர்கள் வீட்டில் உட்காரவில்லை. காலனித்துவப் போலீஸ் அவர்களை ஒடுக்கியது வேறு கதை. இன்றைக்கு நம்மை யாரும் அடிக்கப் போவதில்லை. சனிக்கிழமை மாலை ஃபுட்சால் ஒன்று தவறும், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் முயற்சி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மேசை இதுவரை ஓர் அன்பர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில்தான். மழை வந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். கோயில் நிர்வாகத்திடம் மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள சாமான் அறையைக் கேட்டிருக்கிறோம். பேச்சு நடக்கிறது. ஒரு பெரியவர் கேட்டார்: “மலாய்க்காரப் பிள்ளைங்களும் வந்தா?” வரட்டும் என்றோம், பக்கத்து வீட்டு மக்சிக்கும் அதே ஆறு இலக்க எண் பிரச்சினைதான். இன்னொருவர் கேட்டார்: “பொம்பளைங்க எல்லா நாளும் உள்ள வர முடியுமா, சாமி இருக்கிற இடம்?” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொருளாளர்தான் சொன்னார், அந்த அறைக்கு ரோட்டுப் பக்கம் ஒரு கதவு இருக்கிறதாம். பல வருடமாகப் பந்தல் மூங்கிலும் நாற்காலியும் அடுக்கி அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். கொடிமரத்துப் பக்கம் வராமலே அந்த வழியாக உள்ளே போகலாம்.

மூங்கிலை எடுத்து வைக்க இடம் பார்க்க வேண்டும். கதவு கீல் துருப்பிடித்திருக்கிறது, மாற்ற ஆள் சொல்லியாகிவிட்டது. கோயில் வைஃபை கிடைக்குமா, தனியாகப் போட வேண்டுமா என்பது அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் முடிவாகும். புதன்கிழமை மாலைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கூட்டத்தில் கேள்வி கேட்ட தம்பியிடம் கேட்டிருக்கிறேன். டைம்டேபிளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.